பச்சை தீட்டிய காணி

வரைபடத்தைச் சுவரில் மாட்டி ஐம்பத்துமூன்று நாளாகியும், அதற்கு முன்னால் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்ற முதல் ஆள் அந்தப் பெண்தான். பாலைத்துறை நகரசபை வாசிகசாலையில், பத்திரிகை மேசைக்குப் பின்னால், எட்டடி அகலத்தில் அது தொங்கியது. 'நகர அபிவிருத்தித் திட்டம், பொதுமக்களின் கருத்துக்காக அறுபது நாட்கள்' என்று மேலே எழுதியிருந்தது. காலையில் பத்திரிகை படிக்க வரும் ஓய்வூதியக்காரர்கள் அதற்குக் கீழே கதிரையை இழுத்துப் போட்டு, ஃபான் காற்றுச் சரியாக விழுகிறதா என்று மட்டும் அண்ணாந்து பார்ப்பார்கள். கருத்து எழுதவென்று வைத்த கொப்பியில் இதுவரை ஒரேயொருவர்தான் எழுதியிருந்தார். வாசிகசாலைக் கக்கூசுக்கு ஒரு தாழ்ப்பாள் போட வேண்டும் என்பது அவருடைய கருத்து.

உதயகலா மேல்மாடியிலிருந்து பழைய அளவைக் கோப்பு ஒன்றைத் தேடி இறங்கி வந்தபோது அந்தப் பெண் வரைபடத்தோடு முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றாள். ஐம்பது வயதிருக்கும். சாம்பல் நிறப் பர்தா, தோளில் தையல் விட்ட ஒரு கைப்பை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, இன்னொரு கையின் விரலைக் கடற்கரை வீதியில் வைத்து மெல்ல மேலே நகர்த்தினாள். பள்ளிவாசலைத் தாண்டி, ஒழுங்கைக்குள் திரும்பி, மதகைக் கடந்து, விரல் ஓரிடத்தில் நின்றது. பிறகு அதே வழியே திரும்பப் போய், மறுபடியும் கடற்கரை வீதியிலிருந்து வந்தது. இரண்டாம் தரமும் அதே இடத்தில்தான் நின்றது.

"மிஸ், உந்தப் பச்சை என்னத்துக்கு?"

"பூங்கா அக்கா. பிள்ளையள் விளையாடுறதுக்கு."

அவள் தலையாட்டினாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உதயகலாவைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இருக்கவில்லை. பிழையான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டோமோ என்று யோசிக்கும் ஒருவரின் முகமாக இருந்தது அது.

"இது எங்கட வீட்டு வளவு," என்றாள்.

அந்தப் பச்சையைத் தீட்டியது உதயகலாதான். பத்தொன்பது வருடமாக அந்தச் சபையில் படவரைஞராக இருக்கிறாள். சந்தைக் கூரையும் வாய்க்கால்களும் மயானத்துத் தகரக் கொட்டகையும் அவள் கீறியவை. கீறாமல் கட்டியவையும் கீறிக் கட்டாதவையும் அதைவிட அதிகம். திட்டம் தயாரிக்கும்போது, ஆயிரம் பேருக்கு இத்தனை பரப்புத் திறந்தவெளி இருக்கவேண்டுமென்று மேலிடத்திலிருந்து ஒரு விதி வந்தது. பாலைத்துறையில் அப்படி ஒரு குழி நிலம்கூட இல்லை. செயலாளர் பஞ்சலிங்கம் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நின்று, "எங்கையாவது ஒரு அஞ்சு பரப்புப் பச்சை காட்டும் பிள்ளை. எல்லாத்தையும் குடியிருப்பு மஞ்சளாய் அனுப்பினால் திருப்பி அனுப்புவினம்," என்றார்.

அதற்கு மூன்று நாள் கழித்து கோபிசங்கர் தன் வருடாந்த மனுவோடு வந்தான். பள்ளி ஒழுங்கை முடக்கில் மோட்டார்சைக்கிள் திருத்தும் கடை வைத்திருப்பவன். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விளையாட ஓரிடம் வேண்டும் என்று ஐந்து வருடமாக அவன் மனுக் கொடுத்துக்கொண்டிருந்தான். மனுவின் எழுத்து ஒவ்வொரு வருடமும் ஒரே எழுத்து, திகதி மட்டும்தான் வேறு. ஐந்து வருடத்துக்கு முன்னால் மணல் ஏற்றிய டிப்பர் ஒன்று அந்த முடக்கில் திரும்பியபோது, றோட்டில் பந்து பொறுக்கக் குனிந்த அவனுடைய மகளுக்கு ஏழு வயது. மனுவில் அதைப்பற்றி ஒரு சொல்லும் இருக்காது. சபையில் எல்லோருக்கும் அது தெரியும் என்பதால் அவன் எழுதுவதில்லையா, எழுத முடியாததால் எழுதுவதில்லையா என்று உதயகலா ஒருபோதும் கேட்டதில்லை.

அவன்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் காணியைக் காட்டினான். வேலியில்லாத ஐந்து பரப்பு, ஏக்கரில் மூன்றிலொரு பங்கும் வராது. ஓரத்தில் நாயுருவியும் ஆமணக்கும். கட்டுக்கிணறு ஒன்று, கட்டின் ஒரு பக்கம் இடிந்திருந்தது. நடுவில் சிவப்புச் சீமெந்துத் தரை, ஒரு கூடத்தின் அளவு. சுவர் இல்லை, கூரை இல்லை, அந்தத் தரை மட்டும் மழுமழுவென்று கிடந்தது. பிள்ளைகள் கரியால் கோடு கீறி அதிலே கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். "ஆற்றை காணி? சொந்தக்காரர் ஆர்?" என்று அவள் கேட்டாள். "தெரியேல்லை அக்கா. நாங்கள் இஞ்சை வந்ததே ரெண்டாயிரத்துப் பத்திலை. ஒருதரும் வந்து கேட்டதில்லை," என்றான். கிராம சேவகரும் அதையே எழுதித் தந்தார். உரிமை கோருவோர் இல்லை.

உதயகலா குறிப்புப் புத்தகத்தில், 'பழைய அத்திவாரம். கிணறு ஒன்று. வெற்றுக் காணி' என்று எழுதினாள். அது முஸ்லிம் குடும்பமொன்று விட்டுப்போன வீடென்று எழுதும்போதே அவளுக்குத் தெரியும். அந்த ஒழுங்கையின் பெயரே பள்ளி ஒழுங்கை, பள்ளிவாசலால் வந்த பெயர். தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில், வடக்கிலிருந்த முஸ்லிம்களை ஊரைவிட்டுக் கலைத்தபோது, அவளுக்குப் பத்து வயது. சுன்னாகத்துக்குப் பக்கத்தில் அவர்களுடைய ஊர். ஒருநாள் மத்தியானம் அப்பா சந்தையில் வெங்காயச் சாக்குகளைக் கொடுத்துவிட்டு வந்து, சாப்பிட உட்காராமல் குசினிக்குள் போய் அம்மாவிடம் மெல்லிய குரலில் என்னவோ கதைத்தார். "இரண்டு மணித்தியாலம்" என்ற சொல் மட்டும் அவள் காதில் விழுந்தது. அம்மா, "பிள்ளை குட்டியளோடையோ?" என்று கேட்டாள். அடுத்த மாதம் அவர்கள் வீட்டுக்கு ஒரு தையல் மெசின் வந்தது. மலிவாக ஒரு கடையில் கிடைத்ததென்றார் அப்பா. அதன் மரப்பலகையின் அடியில் பச்சை மையில் யாரோ அரபு எழுத்துப் போல எழுதியிருந்தார்கள். அந்த மெசினில்தான் உதயகலா தையல் பழகினாள். அவளுடைய பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகள் எல்லாம் அதிலேதான் தைத்தவை. யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பது அந்த வருடங்களில் எல்லோரும் கற்றுக்கொண்ட ஒரு பாடம்.

வாசிகசாலைக்கு வந்த பெண்ணின் பெயர் ஸம்ஸியா. பதினைந்து வயதில் இந்தத் தரையிலிருந்து எழும்பிப் போனவள். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலிலும் பிறகு கல்வீட்டிலுமாக முப்பத்துமூன்று வருடம். கணவன் மௌத்தான பிறகு, மகள் நதாவைக் கூட்டிக்கொண்டு இரண்டு வருடத்துக்கு முன்னால் திரும்பி வந்து, பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு அறையை வாடகைக்கு எடுத்திருந்தாள். மாசிக் கருவாட்டுச் சம்பல் போட்டுப் போத்தலில் அடைத்துக் கடைகளுக்குக் கொடுப்பது தொழில். திரும்பி வந்தவர்களுக்கான வீட்டுத்திட்டப் பட்டியலில் அவள் பெயர் பதினோராவது. காணிக்கு உறுதிப்பத்திரம் காட்டினால் கல்லும் சீமெந்தும் வரும். உறுதி இல்லை. ஓடும்போது எடுத்துவர விடவில்லை.

"ஏன் இவ்வளவு நாளும் காணியிலை ஒரு வேலியாவது அடைக்கேல்லை?" என்று உதயகலா கேட்டாள். குரல் தனக்கே பிடிக்காதபடி கந்தோர் அதிகாரியின் குரலாக வந்தது.

"பிள்ளைகள் விளையாடிக்கொண்டு நிண்டதுகள் மிஸ். வீடு கட்டத் தொடங்கேக்க சொல்லுவம் எண்டு இருந்தன். சும்மா கிடக்கிற தரையில இருந்து பிள்ளைகளக் கலைக்க மனம் வரல்ல."

ஆட்சேபம் தெரிவிக்க ஏழு நாள் இருந்தது. உதயகலா அன்று மாலையே படிவத்தைத் தன் கையால் நிரப்பினாள். அடுத்த புதன்கிழமை லீவு போட்டுவிட்டு, ஸம்ஸியாவோடு பஸ்ஸில் போனாள். பழைய உறுதிகளின் பதிவுப் புத்தகங்கள் இருக்கும் கந்தோரில் காலை எட்டரைக்கே வரிசை நீண்டிருந்தது. ஸம்ஸியாவின் கையில் வாப்பா சாகுமுன் சொல்லி எழுதுவித்த ஓர் இலக்கம் இருந்தது. அந்த வருடப் புத்தகம் போரில் எரிந்த கட்டோடு போய்விட்டது என்று எழுதுவினைஞர் சொன்னார். அதைச் சொல்லிச் சொல்லி அவருக்கு அலுத்திருந்தது. ஒரு நாளில் எத்தனை பேருக்குச் சொல்வார்.

திரும்பிப் போகலாம் என்று எழும்பியபோதுதான் உதயகலாவுக்கு அந்த யோசனை வந்தது. ஒரு காணியின் உறுதி எரிந்தாலும் பக்கத்துக் காணிகளின் உறுதியில் அதன் எல்லை இருக்குமே. மேற்குப் பக்கத்துக் காணி ஆழ்வாப்பிள்ளை என்பவரின் பரம்பரைக்குரியது. அவர்களுடைய உறுதி வேறொரு புத்தகத்தில் தப்பியிருந்தது. மத்தியானம் கழிந்து அதைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஓரம் பொரிந்த கடுதாசி, சரிந்த பழைய எழுத்து. உதயகலா விரல் படாமல் வரிகளுக்கு மேலே கையை நகர்த்தி வாசித்தாள். வடக்கு ஒழுங்கை. தெற்கு வாய்க்கால். கிழக்கு, மீராசாயிபு மகன் செய்யது அகமது காணி.

"வாப்பாட வாப்பா," என்றாள் ஸம்ஸியா. அந்த வரியைத் தன் கண்ணால் ஒருதரம் பார்த்தாள். பிறகு மர வாங்கில் போய் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். "பேர் இருக்குதுதானே மிஸ். அவை எழுதி வச்சிருக்கினம், பக்கத்தில நாங்க இருந்தமெண்டு."

திரும்பி வரும் பஸ்ஸில் இருவருக்கும் ஒரே ஆசனம் கிடைத்தது. ஸம்ஸியா கடையொன்றில் வாங்கிய கச்சான் கடலையை உடைத்து உடைத்து உதயகலாவின் கையில் வைத்தாள். யன்னலுக்கு வெளியே வெங்காயத் தோட்டங்கள் போய்க்கொண்டிருந்தன. வாப்பா தையலில் பேர்போனவர் என்றும், பாலைத்துறையில் அவர் தைத்த சட்டை போடாத மாப்பிள்ளை இல்லை என்றும் ஸம்ஸியா சொன்னாள். உதயகலாவின் தொண்டைவரை வந்தது அந்த மெசின். எத்தனையோ தையற்காரர்கள், எத்தனையோ மெசின்கள், இது அதுவாகத்தான் இருக்கவேண்டுமென்று என்ன. அதுவாக இல்லாவிட்டாலும் யாரோ ஒருவருடையதுதானே. சொன்னால் தன் மனம் ஆறும், கேட்பவளுக்கு என்ன கிடைக்கும் என்று நினைத்தாள். அப்படி நினைத்தது நியாயமா, கோழைத்தனமா என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை. கச்சான் கோதுகளைக் கைக்குட்டையில் சேர்த்து முடிந்துகொண்டாள்.

ஆட்சேப விசாரணை புரட்டாதி மாதம் சபையின் சிறிய மண்டபத்தில் நடந்தது. மேசையின் ஒரு பக்கம் பஞ்சலிங்கமும் இரண்டு உறுப்பினர்களும். எதிரே ஸம்ஸியாவும் நதாவும். கோபிசங்கரும் வந்திருந்தான். கை கழுவியும் போகாத ஒயில் கறையோடு கதவோரத்தில் நின்றவனை உட்காரச் சொல்ல வேண்டியிருந்தது. அதுவரை அவன் ஸம்ஸியாவைக் கண்டதில்லை. அவள் யார், எதற்கு வந்திருக்கிறாள் என்று விளங்கியதும் அவன் முகம் சுருங்கிவிட்டது.

"சேர், நான் ஒருதற்றை காணியையும் பறிச்சுத் தாங்கோ எண்டு கேக்கேல்லை," என்றான். "ஒரு இடம் கேட்டனான். அவ்வளவுதான்."

"உங்களை ஒருதரும் குறை சொல்லேல்லை," என்றார் பஞ்சலிங்கம்.

ஸம்ஸியா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுடைய மகளின் கதையை யாரோ அவளுக்கு முன்னரே சொல்லியிருக்க வேண்டும். மெல்ல எழும்பினாள்.

"தம்பி, பாதிய நீங்க எடுங்க. ஒழுங்கைப் பக்கத்துப் பாதி. வீட்டுத் தரையும் கிணறும் எனக்கு விடுங்க. ரெண்டரைப் பரப்புக் காணும், நானும் மகளும்தானே."

"உம்மா," என்றாள் நதா. புத்தளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை, பேச்சு வேறு மாதிரி. "சும்மா ஏன் நீங்க குடுக்கிறீங்க? முதல்ல எங்கட காணின்னு அவங்க எழுதித் தரட்டும்."

ஸம்ஸியா மகளின் கையை அழுத்தி இருத்தினாள். கோபிசங்கர் கீழே பார்த்துக்கொண்டு, "பாதி போதும் சேர். அதே பெரிசு," என்றான். இரண்டு உறுப்பினர்களும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். பஞ்சலிங்கம்கூடச் சிரித்தார். பத்தொன்பது வருடத்தில் அந்த மண்டபத்தில் இரண்டு பக்கமும் ஒரே விஷயத்துக்கு ஓமென்றதை உதயகலா அன்றுதான் கண்டாள். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது கோபிசங்கர், ஸம்ஸியாவின் வாடகை அறையில் தண்ணி மோட்டர் பழுது என்று கேள்விப்பட்டு, வந்து பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்தச் சனி ஞாயிறு இரண்டு நாளும் உதயகலா வீட்டு மேசையில் அந்தக் காணியைக் கீறினாள். யாரும் கேட்காத படம். ஒழுங்கைப் பக்கம் பிள்ளைகளுக்கான திடல், ஊஞ்சல் இரண்டு, தாய்மார் இருக்க வேப்பமரத்தடியில் ஒரு வாங்கு. பின்பக்கம் ஓர் அறை, கூடம், குசினியாகச் சின்ன வீடு. சிவப்புத் தரையைச் சுற்றித்தான் சுவர் வரும்படி கீறினாள். நடுவேலி கிணற்றின் மேலாகப் போகும்படி விட்டு, இரண்டு பக்கமும் அள்ளலாம் போல ஒரு கட்டு. வீட்டு யன்னல் திடலைப் பார்த்தபடி இருந்தது. இவ்வளவு கவனமாக ஒரு படத்தைக் கடைசியாக எப்போது கீறினோம் என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை.

பஞ்சலிங்கம் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். "வடிவாய்க் கீறியிருக்கிறீர்," என்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் அப்படிச் செய்தால் விஷயம் சரிவராது என்று உதயகலாவுக்குத் தெரியும்.

"சட்ட ஆலோசனை கேட்டு எழுதினனான். பதில் வந்திட்டுது. பாதியை அவவிட்டை இருந்து நாங்கள் எடுக்கிறதெண்டால், அவ உரிமைக்காரி எண்டு நாங்கள் ஒத்துக்கொள்ள வேணும். ஒத்துக்கொள்ள உறுதி வேணும். உறுதி இல்லை. பக்கத்துக் காணி உறுதியிலை பேர் இருக்கிறது எல்லையைத்தான் காட்டுமாம், உரிமையைக் காட்டாதாம். சரி, பாதியை அவவுக்கு விட்டு மிச்சத்தை எடுப்பமெண்டால், உரிமை இல்லாத ஆளுக்கு ஏன் விட்டனீங்கள் எண்டு கேள்வி வரும். முழுதாய் எடுப்பமெண்டால், இப்ப ஆட்சேபம் எழுத்திலை கிடக்குது. வழக்குப் போட்டால் நாங்கள் தோற்கவும் கூடும்."

"அப்ப என்ன சேர் செய்யிறது?"

"உரிமை தீருமட்டும் ஒண்டும் செய்யக்கூடாது. அதுதான் எழுதியிருக்கினம்." அவர் படத்தை அவள் பக்கம் மெல்லத் தள்ளினார். "நான் இல்லையெண்டு சொல்லேல்லைப் பிள்ளை. ஓமெண்டு சொல்ல எனக்கு அதிகாரமில்லை. எனக்கு மேலை உள்ளவையும் இதைத்தான் சொல்லுவினம். நீர் வேணுமெண்டால் கேட்டுப் பாரும்."

அவள் கேட்டுப் பார்த்தாள். ஐப்பசி முழுக்கக் கேட்டாள். அவர் சொன்னது பொய்யில்லை. ஒவ்வொரு கந்தோரிலும் ஒவ்வொருவர் படத்தை விரித்துப் பார்த்து நல்ல யோசனை என்றார்கள். ஒருவர் பிளேன்ரீ வாங்கித் தந்தார். ஒருவர் தன்னுடைய காணியும் இப்படித்தான் சிக்கிக் கிடக்கிறதென்று அரைமணி நேரம் கதைத்தார். மறுக்கிற ஆளென்று ஒருவர் இருந்தால் அவரோடு சண்டையாவது பிடிக்கலாம். அப்படி எவரும் இருக்கவில்லை. படத்தின் மடிப்புகள் வெளுத்து, ஊஞ்சல் இருந்த இடத்தில் கடுதாசி கிழியத் தொடங்கியது.

கார்த்திகை மாதம் வீட்டுத்திட்டப் பட்டியலைத் திருத்தினார்கள். காணி பிணக்கில் உள்ளவர்களை எடுத்துவிடும்படி அறிவுறுத்தல். பதினோராவது பெயரைக் கோடு கீறி வெட்டி, பன்னிரண்டாவதைப் பதினொன்றாக்கினார்கள். உதயகலாவை அதிகம் வதைத்தது எதுவென்றால், ஸம்ஸியாவின் காணி பிணக்குக் காணி என்று எழுத்தில் வந்ததே அவள் நிரப்பிக் கொடுத்த ஆட்சேபப் படிவத்தால்தான். அதைக் கொடுக்காமலிருந்தால் காணி முழுதாய்ப் போயிருக்கும். கொடுத்ததால் வீடு போயிற்று. இதை ஸம்ஸியாவிடம் சொல்ல அவளே போனாள். அறை வாசலில் மாசி இடித்துக்கொண்டிருந்தவள் உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டுக் கேட்டாள். கேட்டு முடித்து, "நீங்க லீவு போட்டு அலைஞ்சீங்க மிஸ்," என்றாள். நதா உள்ளே கதவை மூடும் சத்தம் கேட்டது. வரும்போது ஸம்ஸியா ஒரு போத்தல் சம்பலைக் கடுதாசியில் சுற்றிக் கையில் தந்தாள். உதயகலா அதை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தாள்.

பூங்காவுக்கென்று ஒதுக்கிய நிதி மார்கழியோடு திரும்பிப் போனது. தை மாதம், பிணக்கு முடியும்வரை காணியில் எவரும் நுழையாதபடி பார்க்க வேண்டியது சபையின் பொறுப்பென்று ஒரு கடிதம் வந்தது. அதற்கு மட்டும் எப்படியோ முள்ளுக்கம்பியும் சீமெந்துத் தூணும் கிடைத்தன. நான்கு தொழிலாளர்கள் இரண்டு நாளில் வேலியடைத்து முடித்தார்கள். 'அனுமதியின்றி உட்பிரவேசித்தல் தண்டனைக்குரியது' என்ற பலகைக்கு எழுத்து அளவு குறித்துக் கொடுத்ததும் உதயகலாதான். அது அவளுடைய வேலை. மூன்று கிழமையில் வேலிக்கு மேலால் குப்பைப் பைகள் விழத் தொடங்கின. எறிந்தவர்கள் அயலவர்கள். ஓரிடம் யாருக்கும் இல்லையென்றானால் அது குப்பைக்குத்தான் என்பது ஊருக்குத் தானாகவே விளங்கிவிடுகிறது.

மாசி மாதப் பிற்பகுதியில் புத்தளத்திலிருந்து போன் வந்தது. அறைக்காரர் அறையைக் கேட்டதால் தை முடிவிலேயே போய்விட்டதாகவும், சொல்லாமல் வந்தது மனதுக்கு ஒரு மாதிரி இருந்ததாகவும் ஸம்ஸியா சொன்னாள். நதாவுக்கு அங்கே ஒரு மருந்துக்கடையில் வேலை கிடைத்திருக்கிறது. அவளுக்கு அதுதான் ஊர், அவள் சந்தோஷமாக இருக்கிறாள்.

"ஒண்டு கேக்கத்தான் மிஸ் எடுத்தன். அந்தக் கிணத்துக் கட்டு ஒரு பக்கம் இடிஞ்சு கிடக்குது. பத்தை வளர்ந்தால் தெரியாது. பிள்ளைகள் பந்தெடுக்க வேலி பாய்வாங்க. ஒரு மூடி போடச் சொல்லுங்க."

உதயகலா அன்றே அதை எழுதிக் கொடுத்தாள். பஞ்சலிங்கம் ஓய்வு பெற்றுப் போக இரண்டு கிழமை இருந்தது. அவர் கடிதத்தை வாசித்து, பிணக்குக் காணியில் சபை எந்த நிர்மாணமும் செய்ய முடியாதென்று பக்கத்தில் குறிப்பெழுதினார். எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். கிணற்று மூடி நிர்மாணம்தானா என்று உதயகலா கேட்கவில்லை. பிறகொரு நாள், நான்கு பலகையும் ஒரு தகரமும் வாங்கி, கோபிசங்கரிடம் கொடுத்து, கம்பிக்குள்ளால் புகுந்து வைத்துவிடும்படி கேட்டாள். வைத்தான். ஒரு கிழமைக்குள் யாரோ தகரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

புதிய செயலாளர் வந்த வாரம் அவளுக்கு வேலை நெருக்கியது. திட்டம் திருத்தத்துக்கு வந்திருந்தது. வெள்ளிக்கிழமை ஐந்தரைக்குத்தான் கந்தோரை விட்டு இறங்க முடிந்தது. கடற்கரை வீதியில் குழாய் பதிக்கக் கிண்டியிருந்ததால் பள்ளி ஒழுங்கைப் பக்கமாக ஸ்கூட்டியைத் திருப்பினாள். அந்த வழியை அவள் இரண்டு மாதமாகத் தவிர்த்து வந்தாள். வேலிக்குள் ஆமணக்கு ஆளுயரம் வளர்ந்திருந்ததைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டு போனாள்.

முடக்கு வந்தபோது நடுறோட்டில் ஒருவன் கையை உயர்த்திக்கொண்டு நின்றான். மற்றக் கையில் ஒரு சிவப்புச் சட்டைத் துணி. ஒயில் பட்ட சாறத்தை மடித்துக் கட்டியிருந்தான். அவனுக்குப் பின்னால், றோட்டின் முழு அகலத்துக்கும், பத்துப் பதினைந்து பிள்ளைகள். செங்கல்லை அடுக்கி விக்கெட் வைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்து முடக்கில் இன்னொரு தகப்பன் கறுப்புக் குடையொன்றை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். எத்தனை நாளாக இப்படி நிற்கிறார்களோ தெரியாது.

"ரெண்டு நிமிசம் நில்லுங்கோ தங்கச்சி," என்றான் கோபிசங்கர். ஹெல்மெட்டுக்குள் இருந்த முகத்தை அவன் அடையாளம் காணவில்லை. "இந்த ஓவர் முடியட்டும்."

அவள் காலை ஊன்றி நின்றாள். பின்னால் மதகுப் பக்கமிருந்து கனமான வாகனம் ஒன்றின் சத்தம் கிட்டே வந்து, வேகம் குறைந்து, நின்றது. ஹோர்ன் அடித்தது. கண்ணாடியில் டிப்பரின் முன்பக்கமும், அடியில் றோட்டில் சொட்டும் மணல் நீரும் தெரிந்தன. கோபிசங்கர் அசையவில்லை. துணி பிடித்த கை மட்டும் கொஞ்சம் மேலே போயிற்று. டிப்பர் இரண்டாம் தரமும் ஹோர்ன் அடித்தது, இந்த முறை இடைவிடாமல்.

உதயகலா ஸ்கூட்டியை மெல்லத் தள்ளி றோட்டுக்குக் குறுக்காக நிறுத்தினாள். திறப்பைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள். பந்து போட இருந்தவள் எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைக்கூட இன்னும் மாற்றவில்லை. ஹோர்ன் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்காமல், பந்தைச் சட்டையில் தேய்த்துக்கொண்டு, பின்னோக்கி ஒவ்வொரு அடியாக எண்ணிப் போய், நின்று, ஓடத் தொடங்கினாள்.